மடக்கினாலும் வாடகை

மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி
எட்டுப் பேர் உட்கார்ந்த இரவுகளில்
போக்கர் எனக்குச் சுலபம்.
தோட்டப்பாளையத்து லாட்ஜில் ராத்திரி மேனேஜர் நான்.
சாவிக்கொத்தும் பொறுமையும் என் தொழில்.
சீட்டு வரும், மடக்கு.
மறுபடி வரும், மடக்கு.
கொசு அடி. மடக்கு.
ஏஸும் ராஜாவும் சேர்ந்து வருவதற்குள்
கீழே இறங்கி நூற்று நாலுக்கு
வெந்நீர் கொடுத்துவிட்டே வரலாம்.
பிளைண்ட் கட்டும் முறை சுற்றி என்னிடம் வர
இருபது நிமிஷம் ஆகும்.
சோடா மூடி ஒன்று ஐந்து ரூபாய்.
எட்டில் எவரோ ஒருவரிடம் நல்ல கை இருக்கும்.
அது நானாக இல்லாதவரை
எனக்கென்ன அவசரம்.

வேலூர்ப் பாறைகள் ராத்திரியிலும் அனல் கக்கும் சித்திரையில்
மேசை கரையத் தொடங்கியது.
மேதினிபூர் பிபாஸ் முதலில் போனார்.
தம்பிக்கு வைத்த வால்வு எப்படித் திறந்து மூடுகிறதென்று
ஆட்டோ ஏறும்வரை
உள்ளங்கையால் காட்டிக்கொண்டே இருந்தார்.
பேரணாம்பட்டு அதாவுல்லா,
அப்புறம் ஒரே நாளில் இரண்டு பேர்.
ராஞ்சிப் பையன் சுக்ராம்
சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு
போனைக் காதில் ஒட்டியபடி இறங்கினான்.
அவனுடைய மூடிகளைப் பையில் கட்டி
ரிசப்ஷன் டிராயரில் வைத்திருக்கிறேன்.
இருபத்தேழு.

மூன்று பேரானோம்.
நான் பழையபடியே மடக்கினேன்.
ஒன்பதுக்கு உட்கார்ந்தவன்
பத்தரைக்குப் பார்த்தால் பாதி மூடி காணோம்,
ஒரு கைகூடத் தோற்கவில்லை.
குப்பத்திலிருந்து வந்த புஷ்கலா
சீட்டைக் கலைத்துக்கொண்டே கேட்டார்:
"நேத்து பூரா வார்டுலயே இருந்தேன்.
ரூம்ல தூங்கவே இல்ல.
வாடகை வாங்கினீங்களா இல்லையா?"
வாங்கினேன்.
"பின்ன?"

அதற்குப் பிறகு வேறு கணக்கு.
ஏஸோடு ஏழு வந்தாலே நிமிர்ந்து உட்கார வேண்டும்.
கூட்டத்தில் வாய் திறக்காத எட்டு ஜோடி
மூன்று பேர் நடுவே மாப்பிள்ளை.
கடைசியாகப் பேசும் முறை கிடைத்தால்
வெறுங்கையோடும் ஏற்றலாம்.
எதிரே இருப்பவரிடமும் அநேகமாக ஒன்றுமில்லை.
இதை நம்ப
எனக்கு ஒரு வாரம் பிடித்தது.
ஆள் குறைந்ததும் முகங்கள் பெரிதாகிவிட்டன.
சித்தூர் முனிரத்தினம் நாயுடு
நல்ல கை வந்தால் துண்டை நாலாக மடிப்பார்.
புஷ்கலாவுக்கு எல்லாக் கைக்கும் ஒரே முகம்,
போன் அடித்தால் மட்டும் வேறு.

நாயுடுவும் டிஸ்சார்ஜ் சீட்டு வாங்கி
பெட்டியைக் கட்டினார்.
துண்டைக் கொடியிலேயே மறந்துவிட்டார்.

இரண்டு பேர் ஆட்டத்தில்
ஒவ்வொரு கைக்கும் இரண்டு பேரும் கட்டியாக வேண்டும்.
ஒதுங்க இடமில்லை.
போலீஸ் ஜீப் ஒன்று கீழே திரும்பிப் போனது.
எனக்கு எட்டு ஜோடி.
புஷ்கலா தன் மூடி அத்தனையையும்
இரண்டு கையாலும் நடுவே தள்ளினார்.
"சீக்கிரம் சொல்லுங்க,
மூணு மணிக்கு மருந்து."
மாப்பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு
அந்த முகத்தைப் பார்த்தேன்.
அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.
தெரிந்த பாடமெல்லாம் தெரிந்தும்
மடக்கினேன்.

அறுபது மூடி எண்ணி
என் பக்கம் தள்ளினார்.
"நூற்று ஆறுக்கு இன்னிக்கு வாடகை.
ரசீது போட்டு வைங்க."
செருப்புச் சத்தம் மூன்று மாடி இறங்கி
தெருவில் கலந்தது.

ரசீது போட்டேன். தேதி போட்டேன்.
கவிழ்ந்து கிடந்த இரண்டு சீட்டையும்
பார்க்கக் கூடாதுதான்.
ஆட்டீன் மூன்று.
ஸ்பேட் ஆறு.